கிணற்றடியில் ஒரு மிளகுக் கொடி

உப்புவெளியில் நான் நட்ட முதல் மிளகுக் கொடி பதினொரு மாதம் உயிரோடு இருந்தது. கண்டியிலிருந்து திரும்பி வரும் வழியில், மாத்தளைக்குப் பக்கத்து நாற்றுமேடை ஒன்றில் வாங்கியது. கறுப்புப் பொலித்தீன் பையில் ஆறேழு இலை. விற்றவர் மலையகத் தமிழர். "எங்கங்க நடப் போறீங்க?" என்று கேட்டார். திருகோணமலை என்றதும் காசை எண்ணியபடியே, "தண்ணி ஊத்துவீங்கதானே?" என்றார். ஊற்றுவேன் என்றேன், ஊற்றவும் செய்தேன். ஐப்பசி மழையோடு நட்ட கொடி தை மாதத்துக்குள் தென்னையில் முழங்கால் உயரம் ஏறிவிட்டது. வைகாசியில் கச்சான் காற்று தொடங்கியது. ஆவணிக்குள் இலை ஓரமெல்லாம் கருகிப்போய், புரட்டாதியில் தொட்டுப் பார்த்தபோது தண்டு கையோடு வந்தது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று: நிலக்கடலைக்கும் நாங்கள் கச்சான் என்றுதான் சொல்வோம். இது அந்தக் கச்சான் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மேற்குச் சரிவிலும் மலைநாட்டிலும் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்கி வரும். வைகாசி முதல் ஆவணி வரை நம் பக்கம் அடிக்கும் அந்த அனல்தான் கச்சான். துணி அரை மணி நேரத்தில் காயும். மிளகுக் கொடிக்கு அதுதான் எமன்.

கொடியின் பிறந்த வீட்டைப் பார்த்தால் காரணம் விளங்கும். மிளகு, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் பெரிய மரங்களின் அடியில், வடிகட்டி வரும் வெளிச்சத்தில் வளர்ந்த கொடி. ஆண்டுக்கு 1750 மில்லிமீற்றருக்குக் குறையாத மழை அதற்கு வேண்டும். திருகோணமலைக்குச் சுமார் 1600 மில்லிமீற்றர் கிடைக்கிறது. தொகையில் பெரிய பள்ளம் இல்லையே என்று தோன்றும், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நமக்கு வருவதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் ஒரே மூச்சில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மாத்தளை, கண்டி, குருநாகல், கேகாலைப் பக்கங்களில் இரண்டு பருவக்காற்றும், இடைப்பருவ மழைகளும் மாறி மாறி வந்து மண்ணை நனைத்துக்கொண்டே இருக்கும். இலங்கை மிளகில் பெரும்பங்கு அந்தப் பக்கங்களிலிருந்து வருவது அதனால்தான். நம் வளவுகளில் மிளகு இல்லாததற்கு யாருடைய சோம்பலும் காரணமில்லை.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. ஆண்டு முழுக்க ஈரம் கேட்கிற இந்தக் கொடிக்கு, பூக்கும் முன் மட்டும் கொஞ்சம் காய்ச்சல் வேண்டும். சில வாரம் மண் உலர்ந்து, பிறகு நல்ல மழை விழுந்தால்தான் புதுத் துளிரோடு சரம் இறங்கும். காட்டு மிளகில் பெரும்பாலும் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. தலைமுறை தலைமுறையாக மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்த கொடிகளில் ஒரே பூவில் இரண்டும் சேர்ந்திருக்கும். மகரந்தத்தைச் சுமக்க வண்டும் தேனீயும் வரவேண்டும் என்றில்லை. சரத்தின் மேலிருந்து கீழே வழிந்து இறங்கும் மழைத்துளியே அந்த வேலையில் பெரும்பகுதியைப் பார்த்துவிடும். பூத்த பிறகு மழை ஏமாற்றினால் சரத்தில் பல் விழுந்த மாதிரி இடைவெளி தெரியும். பூவிலிருந்து முற்றிய மணி வரை ஆறு முதல் எட்டு மாதம். ஐப்பசியில் நம்மூரில் பூத்தால், மணி பருக்க வேண்டிய நேரத்தில் கச்சான் வந்து நிற்கும்.

சரி, அப்படியானால் இங்கே வளர்க்கவே முடியாதா? தோட்டமாக முடியாது என்பதுதான் என் முடிவு. ஒரு கொடி, இரண்டு கொடி என்றால் முடியும். இடம் பார்த்து நடவேண்டும்.

என் இரண்டாவது கொடி தம்பலகாமத்தில் அம்மாவின் வளவில், கிணற்றடியில் நிற்கிறது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வயல்களுக்குப் பாயும் ஊர் என்பதால் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் இருக்கும். குளிக்கிற தண்ணீர், பாத்திரம் அலசுகிற தண்ணீர் என்று அந்த மூலைக்கு ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு ஈரம் போய்ச் சேரும். மேலே மாமர நிழல். கடற்காற்றின் உப்பு எட்டாத தூரம். ஆனால் ஈரம் என்பது வேறு, தண்ணீர் தேங்குவது வேறு. வேர் நனைந்தே கிடந்தால் பைட்டோப்தோரா என்ற கிருமி அடித்தண்டைப் பிடித்துக்கொள்ளும். நேற்றுப் பச்சையாக நின்ற கொடி ஒரு வாரத்தில் இலை முழுதும் தொங்கிப் போகும். வாடல் நோய் என்று மிளகுக்காரர்கள் பயப்படுவது இதற்குத்தான். அதனால் கிணற்றடியிலிருந்து இரண்டடி தள்ளி, மண்ணை மேடாக்கி, ஒன்றரை அடி ஆழக் குழியில் மக்கிய சாணமும் மேல்மண்ணும் நிரப்பி நட்டோம். சுற்றிலும் பொச்சுமட்டையைக் கவிழ்த்து அடுக்கினோம். கோடையில் அந்த மட்டையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் மண் இருட்டாக, குளிர்ந்து இருக்கும்.

படர்வதற்குக் கிளிரிசிடியாத் தடி ஒன்றை ஊன்றினோம். நம் வேலிகளில் நிற்கிற மரம்தான். தடியாக நட்டாலே தளிர்க்கும், வெட்ட வெட்ட வளரும், வெட்டிய குழையைக் கொடியின் அடியிலேயே பசளையாகப் போடலாம். மாத்தளைப் பக்கம் மிளகுத் தோட்டங்களில் இதையே எட்டடிக்கு எட்டடி இடைவெளியில் வரிசையாக நட்டிருப்பார்கள், ஹெக்டேயருக்கு ஏறக்குறைய 1700 கொடி வரும். முள்முருங்கை, பலா, கமுகு, தென்னை எதிலும் ஏறும். எந்த மரமானாலும் கொடியை அதன் வடக்குப் பக்கமோ கிழக்குப் பக்கமோ வைப்பது நல்லது. பிற்பகல் வெயில் நேரே விழாது. உப்புவெளித் தென்னையில் நான் மேற்குப் பக்கம் வைத்திருந்தேன். அப்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கொடியை ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் அதில் மூன்று விதத் தண்டு இருப்பது தெரியும். அடியிலிருந்து தரையோடு ஓடுவது ஓடுகொடி. மரத்தைப் பிடித்து நேரே மேலே போவது ஏறுகொடி. ஒவ்வொரு கணுவிலும் சின்னச் சின்ன வேர்கள் பல்லி விரல் மாதிரிப் பட்டையைக் கவ்வியிருக்கும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்பவை காய்க்கும் கிளைகள். அவற்றில் பிடிவேர் இருக்காது, சரம் தொங்குவது அவற்றில்தான். நாற்றுக்கு வழக்கமாக எடுப்பது ஓடுகொடியை. மூன்று நான்கு கணுவாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி பையில் ஊன்றி, நிழலில் வைத்து, ஈரம் போகாமல் மூடி வைத்தால் வேர் பிடிக்கும். விதையிலிருந்தும் முளைக்கும்தான். ஆனால் தாயின் குணம் வருமா வராதா என்பது அதிர்ஷ்டம், காய்க்கவும் காலம் பிடிக்கும். நாற்று நட்டால் மூன்றாம் வருடம் சரம் பார்க்கலாம். கேரளத்தின் பன்னியூரில் உருவாக்கிய பன்னியூர் 1 இலங்கையிலும் பரவலாக நடப்படுகிற இனம், நீளச் சரம் விடும். நிழல் கூடினால் அதற்குப் பிடிக்காது. எங்கள் கொடி என்ன இனம் என்று கேட்டால், நாற்றுமேடைக்காரர் சொன்ன பெயரை நான் எழுதி வைக்கவில்லை.

இலையைப் பார்த்த உடனே அம்மா சொன்னது: "இது வெத்திலைக் கொடிதானே மகன்?" தவறில்லை. வெற்றிலையும் மிளகும் திப்பிலியும் ஒரே பேரினம். பைப்பர் என்பது அதன் தாவரவியல் பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பெயர் மாறாட்டம் இருக்கிறது. சமஸ்கிருதப் பிப்பலி, அதாவது நம் திப்பிலி, கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் போய் மிளகின் பெயராகிவிட்டது. இதே வேலையை நாமும் பின்னால் செய்தோம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியாக அமெரிக்கக் கண்டத்துக் காய் ஒன்று வந்து சேர்ந்தபோது, மிளகு போல உறைக்கிற காய் என்று அதை மிளகாய் ஆக்கினோம். சிங்களத்தில் மிரிஸ் என்ற சொல்லையே மிளகாய் பிடித்துக்கொண்டது, மிளகு கம்மிரிஸ் ஆகிவிட்டது. கிழக்கில் நாங்கள் மிளகாயைக் கொச்சிக்காய் என்கிறோம். கொச்சித் துறைமுகத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள். அப்படியானால் மிளகு ஏற்றிய துறைமுகத்தின் பெயரையும் மிளகாயே தட்டிக்கொண்டது. சங்கப் பாடல்களில் கறி என்றால் மிளகு. யவனர் பொன்னோடு வந்து கறியோடு திரும்பினார்கள் என்று முசிறியைப் பற்றிப் பாடியபோது அவர்கள் ஏற்றிப் போனது இறைச்சியையல்ல.

கோத் அரசன் அலாரிக் மிளகையும் கேட்டு ரோமாபுரியை மிரட்டியது, மிளகு தேடிக் கொலம்பஸ் புறப்பட்டது எல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். நம் கடற்கரைக்கும் அந்தக் கதையில் ஒரு ஓரம் இருக்கிறது, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. மலைக்குள் இருந்த கண்டி அரசுக்கு வெளியுலக வாசல்களாக இருந்தவை மட்டக்களப்பும், மகாவலி கடலில் கலக்கிற கொட்டியாரக் குடாவும். 1638இல் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரைத் துரத்த ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்தபோது, படைச் செலவுக்கு ஈடாகக் கொடுப்பதாகச் சொன்ன பண்டங்களில் கறுவாவோடு மிளகும் இருந்தது. அடுத்த ஆண்டே ஒல்லாந்தர் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார்கள். மிளகு இங்கே விளையவில்லை, ஆனால் மிளகுக்காக வந்தவர்கள் இங்கே இறங்கினார்கள். இன்றைக்கு அது வருகிற வழி வேறு: மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று லொறியில் இறங்கி நம் சந்தைக் கடைகளின் சாக்குகளுக்குள் வருகிறது. அதே மாத்தளை மிளகில் பெரும்பங்கு இந்தியாவுக்குப் போகிறது. இலங்கை மிளகில் காரச்சத்து கூடுதல் என்பதால், சாறு இறக்கும் ஆலைகளுக்கு அதன்மேல் ஒரு கண். வியட்நாம் உலகச் சந்தையில் கொட்டுகிற அளவைப் பொறுத்து நம் கடைச் சாக்கின் விலையும் ஏறி இறங்கும்.

கடையில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: கறுப்பு மிளகு நல்லதா, வெள்ளை மிளகு நல்லதா? இரண்டும் ஒரே கொடியின் மணிதான். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவக்கத் தொடங்கும்போது பறித்து, உதிர்த்து, வெயிலில் காயவைத்தால் தோல் சுருங்கிக் கறுப்பு மிளகு. காயவைக்கும் முன் ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கி எடுத்தால் நிறம் ஒரே சீராக வரும், சீக்கிரமும் காயும். நன்றாகப் பழுக்க விட்டு, ஒரு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, தோலை உரித்துக் காயவைத்தால் வெள்ளை மிளகு. அந்த ஊறல் வாசனை சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. வால்மிளகு மட்டும் இவற்றோடு சேராது. அது அதே குடும்பத்தின் வேறு கொடி. அப்புறம், பப்பாசி விதை கலப்படம். ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டால் முற்றிய மிளகு அடியில் போய் உட்காரும், காய்ந்த பப்பாசி விதை மிதக்கும். மிதக்கிறதெல்லாம் கலப்படம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம், முற்றாத சொத்தை மிளகும் மிதக்கும். ஒன்றைக் கடித்துப் பாருங்கள், நாக்கு சொல்லிவிடும்.

நாக்கு சொல்வது பைபரின் என்ற பொருளை. 1819இல் டென்மார்க்கின் ஏர்ஸ்டெட் அதை மிளகிலிருந்து பிரித்தெடுத்தார். அடுத்த வருடம் காந்த ஊசி மின்சாரத்துக்குத் திரும்புவதைக் கண்டுபிடித்தாரே, அதே ஏர்ஸ்டெட். காரம் பைபரினில் இருக்கிறது, வாசனையோ ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. பொடித்து வைத்த மிளகு நாள்பட்டால் வாசம் போய் உறைப்பு மட்டும் மிஞ்சுவது அதனால்தான். இரசத்தை இறக்கும்போது மிளகைத் தட்டிப் போடுகிற பழக்கத்துக்கும் காரணம் இதுவே.

மருந்துக்கு வருவோம். எங்கள் வீட்டில் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிற சரக்கு டின்தான் முதல் மருந்துப் பெட்டி. மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், சுக்கு. தடிமன் என்றால் மல்லித் தண்ணிக்குள் நாலு மிளகு தட்டிப் போட்டு அவிப்பது. வயிறு உப்பினால் வெற்றிலையில் இரண்டு மிளகும் ஒரு கல்லு உப்பும். பிள்ளை பெற்ற வீட்டில் இந்தச் சரக்கை அம்மியில் அரைத்து, உள்ளி நிறையப் போட்டு, பால்சுறாவோடோ சின்ன மீனோடோ ஒரு கறி வைப்பார்கள். அதில் கொச்சிக்காய் கிடையாது. பத்தியம் என்று அதற்குப் பெயர். எனக்கு வேறொன்றும் தோன்றுவதுண்டு: கொச்சிக்காய் வருவதற்கு முன் நம் எல்லோருடைய கறியும் இப்படித்தான் இருந்திருக்கும். பழைய சமையல் பிள்ளைப்பேற்று அறைக்குள் மட்டும் தப்பிக் கிடக்கிறது.

சித்த மருத்துவம் மிளகைக் கார்ப்புச் சுவை, வெப்ப வீரியம் என்று கணக்கில் வைக்கிறது. கபத்தையும் வாதத்தையும் தணிக்கும், அளவு மீறினால் பித்தத்தைக் கூட்டும். அப்படியே எடுத்து மருந்தில் போடுவதுமில்லை. புளித்த மோரில் ஊறவைத்து உலர்த்திச் சுத்தி செய்த பிறகே சேர்ப்பார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சம அளவு சேர்ந்தால் திரிகடுகம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது, அங்கே படித்து வருகிறவர்களுக்கு இது அரிச்சுவடி. இந்த மரபில் மிளகு தனி ஆட்டக்காரராக வருவது குறைவு. ஏதோ ஒரு மருந்தோடு சேர்ந்து, அதை உடம்புக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆளாகத்தான் வரும்.

இந்த இடத்தில் ஆய்வுகூடம் பழைய வைத்தியரோடு ஓரளவு ஒத்துப்போகிறது. நாம் விழுங்குகிற பல பொருள்களைக் குடலும் ஈரலும் உடைத்து வெளியே தள்ளப் பார்க்கும். அந்த வேலையைச் செய்யும் நொதியங்கள் சிலவற்றைப் பைபரின் மந்தப்படுத்துகிறது. 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வில், மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருள் 2 கிராமோடு 20 மில்லிகிராம் பைபரின் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த குர்குமின் 20 மடங்கு கூடியது. "மஞ்சளும் மிளகும் சேர்ந்தால் 2000 வீதம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது இதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிளகில் ஐந்து வீதம் பைபரின் என்று வைத்தால், 20 மில்லிகிராமுக்கு எட்டு மணி போதும், அது சமையலில் சாதாரணம். ஆனால் 2 கிராம் குர்குமினுக்கு 60, 70 கிராம் மஞ்சள் வேண்டும். எந்தக் கறியில் அவ்வளவு போடுவீர்கள்? சேர்மானம் உண்மை, அளவுதான் நம் சட்டியில் இல்லை.

அதே செயலுக்கு மறுபக்கமும் உண்டு. நொதியத்தை மந்தப்படுத்துவது மஞ்சளுக்கு மட்டும் செய்கிற உபகாரம் இல்லை. வலிப்புக்குக் கொடுக்கிற பெனிடோயின், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற புரோப்ரானலோல் போன்றவையும் இரத்தத்தில் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரசத்து மிளகுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. பைபரின் குளிசையாகவோ, தினமும் கரண்டிக் கணக்கில் சூரணமாகவோ எடுப்பவர்கள், தாங்கள் குடிக்கிற மற்ற மருந்துகளை வைத்தியரிடம் சொல்லிவிட்டு எடுக்கவேண்டும்.

"பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம்" என்ற பழமொழியை அம்மாவின் தலைமுறை அப்படியே நம்புகிறது. வயற்காட்டில் பாம்பு கடித்தால் மிளகைக் கடிக்கக் கொடுத்து, உறைக்கிறதா என்று கேட்பதும் இதன் தொடர்ச்சி. உறைத்தால் விஷம் ஏறவில்லை, உறைக்காவிட்டால் ஏறிவிட்டது. தம்பலகாமத்தில் சிறுவயதில் நானே பார்த்திருக்கிறேன்: வரம்பில் கடிபட்ட ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து மிளகை மென்றுகொண்டிருக்க, சுற்றி நின்றவர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உறைக்குது என்றார். எல்லோரும் மூச்சு விட்டார்கள். நல்லவேளை, ஒருவர் அதைக் கேட்காமல் வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பாம்பு விஷங்கள் நாக்கின் உறைப்பைக் கேட்டு ஏறுவதில்லை. புடையன் விஷம் முக்கியமாக இரத்தத்தைக் கெடுக்கும், அப்போதும் நாக்கு ருசி பார்த்துக்கொண்டிருக்கலாம். மிளகு மெல்லுகிற அந்தப் பத்து நிமிடம் விஷமுறிவு ஊசிக்குச் சேரவேண்டிய பத்து நிமிடம். இந்த ஒரு பழக்கத்தில் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது.

கிணற்றடிக் கொடி போன வருடம் மூன்றாம் வயதில் சரம் விட்டது. கச்சான் அடித்த நாட்களில் அம்மா காலையும் மாலையும் தனியாக ஒரு வாளி ஊற்றினா. ஆனியில் பதினேழு சரம் பறித்தோம். பல இடத்தில் பல் விழுந்த சரங்கள்தான். கொதிநீரில் முக்கி, சுளகில் பரப்பி, கிணற்றுக் கட்டின் மேல் வைத்தோம். முதல் நாள் மாலையே பச்சை போய்க் கபில நிறமாகி, நாலாம் நாள் நகத்தால் அமுக்கினால் சத்தம் கேட்கும் அளவுக்குக் காய்ந்துவிட்டது. மூன்று பிடி பச்சை மணி ஒரு பிடி மிளகாக வற்றியது. அம்மா அதை ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில், சரக்கு டின்னுக்குப் பக்கத்தில் வைத்தா. அன்றைக்கு இரசத்துக்குக் கடை மிளகைத்தான் தட்டினா. "அது மருந்துக்கு மகன்," என்றா.